ஒரு கூரைக்கு மூணு நாள் போர்

ஒன்பது நாள் நடந்த போர் அது. முடிந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அதை முறைப்படி முடித்துவைக்கத் திறந்த போர் நிறைவு அலுவலகத்தில் இன்றைக்கும் நானூறு பேர் மும்முரமாக வேலை பார்க்கிறார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அங்கே மனுவோடு போனார். மூணாம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டுதான் வாய்ப்பாடு சொல்கிறார்கள். கட்டடத் துறையில் கேட்டதற்கு, "பணமெல்லாம் அங்கதான் போகுது, அங்கயே கேளுங்க" என்று கைகாட்டிவிட்டார்கள்.

"உண்மைதான் டீச்சர்," என்றார் அதிகாரி. "எல்லாம் போர்க்கடன் வட்டிக்கே சரியா இருக்கு. இன்னும் அறுபத்திரண்டு வருஷத்துக்கு."

"அவ்ளோ செலவு பண்ணி, யாரு சார் ஜெயிச்சா?"

"மேற்படி கோப்பு நிலுவையில் உள்ளது. ஆனா ஒரு செலவுத் தலைப்புல மட்டும் பணம் இருக்கு. போர்ச் சேதம்."

"எங்க பள்ளிக்கூடம் போருக்கு அப்புறம் கட்டினது சார்."

"அதனால என்ன? அடுத்த போர்ல சேதமாகலாமே! இப்பவே விண்ணப்பிச்சு வைங்க. சின்னப் போர், மூணு நாள் போதும். பெற்றோருக்கு ஆட்சேபணை இல்லைன்னு இருநூறு கையெழுத்து வேணும்."

பெற்றோர் கூட்டம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கறிக்கடைக்காரர் மெதுவாக எழுந்தார். "டீச்சர், என் கடை ஷட்டரையும் அதுல சேர்த்துக்க முடியுமா?"

"எங்க தெரு சாக்கடையையும் சேருங்க!" என்றார் தையல்காரம்மா.

அரை மணி நேரத்தில் மூணு நாள் போர் இரண்டு வாரமாக வீங்கிவிட்டது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"மூணு நாள் போருக்கே தொண்ணூறு வருஷம் வட்டி கட்டணும். அந்தக் காசுல நாற்பது பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம்!"

ஒரு அப்பா கை தூக்கினார்.

"அந்த நாற்பதுல நம்ம பள்ளிக்கூடம் இருக்கா?"

"இல்ல..."

"அப்ப பேனாவைக் கொடுங்க."

இருநூறு கையெழுத்தும் விழுந்தது. டீச்சருடையதுதான் முதலாவது.

கையெழுத்துகளைப் பார்த்து அதிகாரி பூரித்துப்போனார். "எதிரி நாட்டு ஒப்புதல் நேத்தே வந்துடுச்சு. அங்கயும் ஒரு டீச்சர்தான். அங்கயும் கூரைதான் ஒழுகுதாம்!"

"அப்படின்னா ரெண்டு கூரையையும் பேசாம சரி பண்ணிடலாமே சார்?"

"அதுக்குத் தலைப்பு இல்லீங்களே."

டீச்சர் விடவில்லை. "சரி, போரை லீவுலயாவது வெச்சுக்கலாமா? பிள்ளைங்க உள்ள இருக்க மாட்டாங்க."

அதிகாரி நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"லீவுல எங்களுக்கும் லீவாச்சே டீச்சர்."