தட்டில் மிச்சமிருந்தவை மூன்றே வாக்கியங்கள்

பெருமதிப்பிற்குரிய பத்திராதிபர் திரு. ஓபடையா வின்ச் அவர்களின் சமூகத்திற்கு, ஆற்றங்கரைத் தெரு விடுதியின் உரிமையாளர் ட்ரூசில்லா ஹேவன்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இக்கடிதம் மூன்று வாரங்களுக்கு முன்பே தங்களை அடைந்திருக்க வேண்டும், தாமதத்தைப் பொறுத்தருள்க. எதுவும் மும்முறை நிகழும்வரை அதைத் தற்செயல் என்றே கொள்வது என் வழக்கம். அகராதி முழுவதையும் ஆசிரியர் துணையின்றிப் படித்துத் தேறியவள் ஆவிகளை எளிதில் நம்பலாகாது.

என் மாடி அறையில் பதினோராண்டுகள் குடியிருந்து, தங்கள் வாரப் பத்திரிகைக்கு மனித இயல்பைப் பற்றிக் குறும்பு வாக்கியங்கள் எழுதிவந்த திரு. ஜெத்ரோ ஸ்டப்ஸ் மார்ச் மாதம் காலமானார். அவரது சவப்பெட்டியின் தலைமாட்டைத் தாங்களே தூக்கினீர்கள். அடக்கம் முடிந்து அனைவரும் நான் சுட்ட ஆப்பிள் கேக்கை உண்டுகொண்டிருக்கையில், மரக்கடை திரு. டட்டில் என் காதருகே குனிந்து, "பாவம், தங்கமான மனுஷன். ஆமா, அந்த மாடி ரூம் இப்போ காலிதானே?" என்றார். அது வேறெவர் காதிலும் விழவில்லை. ஆயினும் அவ்வியாழனன்று தங்கள் பத்திரிகையில் ஒரு பத்தியின் அடியில் வந்தது இது: 'இறந்தவனைப் பற்றி எல்லோரும் நல்லதே பேசுகிறார்கள், அவன் அறையைப் பற்றி இன்னும் நல்லதாக.'

அடுத்த வாரம், காலமானவரின் கம்பளிக் கோட்டைப் பின்வாசலில் வந்து நின்ற நாடோடி ஒருவனுக்குக் கொடுத்தேன். பாதிரியாரின் மனைவி அவ்வழியே வந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேனேயன்றி வாய் திறக்கவில்லை. வியாழனன்று வந்தது: 'மறைவில் செய்த தருமம் சிறந்தது, யாரேனும் ஒளிந்திருந்து பார்த்திருந்தால் அதனினும் சிறந்தது.'

மூன்றாம் வாரம் திரு. டட்டில் என் கூடத்தில் மண்டியிட்டு என்னை மணக்க விருப்பம் தெரிவித்தார். "எந்திரிங்க, டட்டில், கால்சட்டை அழுக்காயிடும்" என்றேன். "இருக்கட்டும்மா. அடடா, அசல் ஓக்குப் பலகை! இப்பெல்லாம் எங்க கிடைக்குது?" என்று விரல்முட்டியால் இருமுறை தட்டியும் பார்த்தார். நான் சம்மதித்தேன், திருமணம் வருகிற சனிக்கிழமை. அவ்வியாழனன்று வந்ததைத் தாங்களே அறிவீர்கள்: 'ஆண் மண்டியிடுவது பெண்ணை வணங்க அல்ல, தரை உறுதியா என்று பார்க்க.'

உடனே தங்கள் அச்சகத்திற்கு வந்து அச்சுக்கோப்பாளர் கிடியனை விசாரித்தேன்.

"ஸ்டப்ஸ் பெரியவர் எழுதிக் குடுத்ததை முன்னாடியே அச்செழுத்துல கோத்து இந்தத் தட்டுல வெச்சிருப்பேன்மா. பத்தி முடியிற எடத்துல ஓட்டை விழுந்தா, அளவுக்கு எது சேருதோ அதை எடுத்து அடைப்பேன். அர்த்தம் பாக்க எனக்கு ஏது நேரம்?"

"இன்னும் எத்தனை பாக்கி?"

"அவரு போனப்ப மூணே மூணு. மூணும் போட்டாச்சு. தட்டைப் பாருங்க, வழிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அப்போ இந்த வாரம் ஓட்டை விழுந்தா?"

"இருமல் மருந்து விளம்பரம். உங்களுக்கு ஏம்மா இப்பிடி வேர்க்குது?"

மார்ச்சிலிருந்து பூட்டியுள்ள மாடி அறையில் அவரது மைக்கூடு பாதி குறைந்திருக்கிறது. மை உலரும் என்பது அறிவியல். நாற்காலி மேசையிலிருந்து சற்றே விலகியிருக்கிறது. அதற்கான அறிவியலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எவ்வாறாயினும், சனிக்கிழமை முடியும்வரை தாங்கள் இருமல் மருந்தையே இடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். திரு. டட்டிலின் அன்பில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. நாற்பத்தாறு வயதுப் பெண் ஏமாறுவதில்லை, ஏமாறுவதற்கு அவளே நாள் குறித்துக்கொள்கிறாள். (இவ்வாக்கியம் எப்படியோ பேனாவிலிருந்து விழுந்துவிட்டது. அடித்துவிட்டேன், தாங்கள் வாசிக்க வேண்டாம்.)

தங்கள் துணைவியாரின் மூச்சிரைப்பு தணியவும், தங்கள் அச்சு இயந்திரம் நெடுநாள் ஓடவும் ஆண்டவரை வேண்டும்,
ட்ரூசில்லா ஹேவன்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இவ்வார இதழ் வாசலில் வந்து விழுந்தது. அது நேற்று மாலையே அச்சானது. நான் இக்கடிதத்தைத் தொடங்கியதோ இன்று காலை. மூன்றாம் பக்கத்தில், இருமல் மருந்துக்குக் கீழே, நான் அடித்துவிட்ட அவ்வாக்கியம் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கிறது. என் கடிதத்தில் அதன் மை இன்னும் காயவில்லை.

சனிக்கிழமைத் திருமணம் இல்லை. இதுவரை எழுதிவிட்டுத் திரு. டட்டிலுக்குச் சொல்லி அனுப்பினேன். பதிலுக்கு அவர் முதலில் கேட்டது மாடி அறையைப் பற்றித்தான். அது காலியா இல்லையா என்று அவருக்கு என்ன சொல்வது? விரைவில் பதில் எழுதுங்கள்.