மாடு போகக் கூடாத மாட்டுப் பாதை

டார்ட்மூர் என்னும் சதுப்பு மேட்டின் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. புதைசேற்றை ஆள் உயரத்துக்கு வெட்டி, அடியிலிருக்கும் கருங்கல் தரை தட்டுப்படும்வரை தோண்டி, நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட பாதை. அதில் நடந்தால் குளம்பு கல்லில் படும். இரண்டடி விலகினால் வயிறுவரை உள்ளே போகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. திர்ஸா எண்டகாட்டின் மாடுகளுக்கே தெரியும்.

திர்ஸாவிடம் முப்பத்தொரு மாடுகள். வசந்தத்தில் அந்தப் பாதை வழியாக அப்பால் மேயப் போகும். பனி விழுமுன் அதே வழியாகத் திரும்பும். அந்த மேய்ச்சல் உரிமைதான் அவள் பிழைப்பு. அது போனால் மாடுகளை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

உருப்படியாக ஒன்று நடந்துகொண்டிருந்தால் பாரம்பரியப் பாதைகள் அலுவலகத்துக்குப் பொறுக்குமா? அக்டோபரில் மாடுகளை ஓட்டிவரப் போனவள், பாதையின் முகப்பில் புதுக் கதவையும் பலகையையும் கண்டாள். ‘மாடுகளுக்காக வெட்டப்பட்ட அரிய வரலாற்றுப் பாதை. இதன் பாதுகாப்பை முன்னிட்டு மாடுகள் அனுமதிக்கப்படமாட்டா.’

பக்கத்தில் பாரம்பரியப் பாதைகள் அதிகாரி லாவிங்டன் நின்றிருந்தார். காலணியில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது.

“ஏன் சார், மாட்டுக்காக வெட்டினதுன்னு நீங்களே எழுதிட்டு, மாடு போகக் கூடாதுன்னா எப்படி?”

“மாடு நடந்தா பாதை தேயும்மா.”

“நூறு வருஷமா நடந்துட்டுத்தானே இருக்கு?”

“அதனாலதான் நூறு வருஷத்துக்குத் தேய்ஞ்சிருக்கு.”

“சரி, சரிஞ்சு விழுந்த சேத்தையாவது வழிச்சுப் போடறோம். வருஷா வருஷம் ஊரே மண்வெட்டியோட வருவோம். இல்லேன்னா பாதையே மூடிடும்.”

“ஐயோ, கை வெச்சிடாதீங்க! பாதை வரலாற்றுச் சொத்து, சேறு இயற்கைச் சொத்து. மூடட்டும். அதைப் படம் பிடிக்கத்தான் கேமரா வெச்சிருக்கோம்.”

திர்ஸா வாய்க்குள் திட்டிக்கொண்டே, தார் ரோட்டில் இருபத்திரண்டு மைல் சுற்றி, இரண்டு நாளில் மாடுகளை வீடு சேர்த்தாள். பின்னாலேயே கடிதம் வந்தது. ‘மேற்படி பாதையை இப்பருவத்தில் ஒரு மாடும் கடக்கவில்லை என்பது கேமராவால் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. தங்கள் மேய்ச்சல் உரிமையை ஏன் ரத்து செய்யக் கூடாது?’

அலுவலகத்துக்கு, லாவிங்டனிடம் ஓடினாள். “கதவைப் போட்டதே நீங்கதானே சார்?”

“கதவு போட்டது பாதுகாப்புப் பிரிவு. ரத்து பண்றது பயன்பாட்டுப் பிரிவு.”

“ரெண்டு காகிதத்துலயும் உங்க பேர்தானே இருக்கு?”

“அதனாலதான் வேலை சீக்கிரம் நடக்குது. ஒரு வழி இருக்கு. பாரம்பரிய தினத்தன்னைக்கு மாட்டுக் காதுல மாட்டற எண் பட்டை முப்பத்தொண்ணு பாதையைக் கடந்துட்டா உரிமை நிலைக்கும்.”

“அன்னைக்காவது மாட்டை விடுவீங்களா?”

“அது எப்படி, தடை இருக்கே! ஆனா பட்டை யார் காதுல இருக்கணும்னு விதி சொல்லலை.”

பக்கத்துப் பண்ணை ரூபன் கான்டர் வீடு வீடாகப் போய், தன்னையும் சேர்த்து ஊரிலிருந்த முப்பது பேரையும் திரட்டினான். அன்றைக்கு எல்லோரும் காதில் மஞ்சள் பட்டையோடு வந்து நின்றார்கள், திர்ஸா முன்னால்.

“திர்ஸாக்கா, உனக்கு இது எடுப்பா இருக்கு,” என்றான் ரூபன்.

“வாயை மூடிட்டு நடடா, கடா!”

வந்தது வினை நகரத்திலிருந்து. வெறுங்காலோடு சேற்றில் நின்றால் மன அமைதி என்று அந்த வருஷம் ஒரு மோஸ்தர் கிளம்பியிருந்தது. பேருந்து பேருந்தாக இறங்கிய அந்த ஞானிகள் பட்டைகளைப் பார்த்ததும் கிறங்கிப்போனார்கள். “அட, இது புதுசா இருக்கே! எங்களுக்கும் ஒண்ணு கொடுங்க!” லாவிங்டன் பட்டைப் பெட்டியைத் திறந்து வாரி வழங்கினார். விழாவின் சிறப்புக் கருதித் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். எல்லோரும் ‘அம்மா’ என்று கத்திக்கொண்டே நடந்தார்கள். ஊர்க்காரர்களும் வெட்கத்தை விட்டுக் கூடவே கத்தினார்கள்.

அடுத்த வாரம் ஆணை வந்தது. ‘முப்பத்தொன்றுக்கே அனுமதியுள்ள இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மாடுகள் கடந்துள்ளன. மிகை மேய்ச்சல் காரணமாக உரிமை ரத்து.’

திர்ஸா ஊரைத் திரட்டிக்கொண்டு போய் லாவிங்டனின் மேஜை முன் நின்றாள். “அந்த முந்நூத்திப் பன்னெண்டுல நீங்களும் ஒண்ணு சார்!”

“தெரியும்மா. இருநூத்தி ஏழாவது மாடு. ஆனா பதிவு பதிவுதான்.”

“நாங்க மேல்முறையீடு பண்றோம். ஊரே கையெழுத்துப் போடும்.”

லாவிங்டன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “மாடுகள் மனு கொடுக்க இதுல இடமில்லையேம்மா. பட்டை மாட்டாத ஆள் யாராவது இருக்காங்களா?”

திர்ஸா திரும்பிப் பார்த்தாள். ரூபன் தலையைக் குனிந்துகொண்டான். ஒருவர்கூட இல்லை.

“அப்போ நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டு நிறுத்துங்க சார்.”

“என் கையெழுத்தும் போன வாரத்திலிருந்து செல்லாதும்மா. நானும் மாடுதானே?”

“அப்போ எங்களை ரத்து பண்ணின ஆணையில கையெழுத்துப் போட்டது யாரு?”

“அதுக்கு யாரும் போட வேண்டாம்மா,” என்றார் அவர். “அது தானா வரும்.”