மரியாதைக்குக் கழற்றிய கறுப்புக் கண்ணாடி

மீனாட்சிபுரம்,
சித்திரை 7, 1975

மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மச்சான் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா மருதாத்தாளும் மாடு கன்றுகளும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. என் இடது கண்ணை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம்.

மாசியில் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். வெயிலும் புழுதியும் பட்டுப்பட்டு வெண்விழியில் சதை வளர்ந்திருக்கிறது, கருவிழிமேல் ஏறினால் பார்வையை மறைத்துவிடும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் இறங்கக் கூடாது என்று அவர் சொன்னார். நீங்களும் கையோடு ஒன்று வாங்கி மாட்டிவிட்டீர்கள். கண்ணாடியில் குறை இல்லை. மாட்டிய ஆளிடம்தான் கோளாறு.

மறுநாள் அதோடு காட்டு வேலைக்குப் போனேன். எதிரே அர்த்தநாரி பெரியப்பா வந்தார். தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியது, கால் செருப்பை விட்டது, கை தானாகக் கண்ணாடியைக் கழற்றியது. பெரியவர் முன்னால் விறைப்பாகக் கண்ணாடியோடு நிற்பதா? அவரை அனுப்பிவிட்டு மாட்டினால் அடுத்தவர் வந்தார். நம் ஊரில் பால் சொசைட்டிவரை போவதற்குள் என்னைவிட மூத்தவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் உச்சி வெயிலில்தான் நின்று பேசுவார்கள், அதிலும் உங்கள் அப்பா மழை எப்போது என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டார், அதுவரை கண்ணாடி என் சட்டைப் பையில் குளுகுளுவென்று இருக்கும், நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன்.

வாங்கிக் கொடுத்த பொருள் வீணாகக் கூடாதே என்று வீட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். மாட்டுக் கொட்டகை இருட்டில் ஆள் தெரியாமல் பால் வற்றிய மாட்டின் மடிக்குக் கீழே உட்கார்ந்து வெகுநேரம் பீய்ச்சினேன், அது பொறுத்துப் பார்த்துவிட்டு உதைத்தது, எழுந்தவன் தவிட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய் முன்பே கறந்து வைத்திருந்த பாலில் ஊற்றினேன்.

"ஏனுங்க, வெயில்ல கழட்டி நெழல்ல மாட்டிக்கறதுக்கா எந்தம்பி வாங்கிக் குடுத்தான்?" என்று கேட்டாள் உங்கள் அக்கா.

போன வாரம் நானே டாக்டரிடம் போனேன். கண்ணாடி போடுகிறீர்களா என்றார். ஒரு நாளும் தவறியதில்லை என்றேன். அதில் பொய்யே இல்லை. அப்படியும் வளர்கிறதே என்று யோசித்தவர், இன்னும் கொஞ்சம் ஏறினால் கத்தி வைக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை, எனக்கு உள்ளபடியே பயமாக இருக்கிறது. ஊருக்கு நல்லவனாக இருக்கப்போய்க் கண் இல்லாதவனாகிவிடுவேனோ என்று தூக்கம் வரவில்லை.

ஆகவே இனி யார் வந்தாலும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் அப்பாவை நினைத்தால்தான் கை தானாகக் கண்ணாடிக்குப் போகிறது. மருமகனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துவிடுவார். இது டாக்டர் உத்தரவு, மரியாதைக் குறைவு இல்லை என்று நீங்கள் அவருக்கு ஒரு கடுதாசி போட்டால் புண்ணியமாகப் போகும். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கச்சியை அக்கா கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஆறுச்சாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அப்பாவே வாசலில் வந்து நின்றார். துண்டை இறக்கினேன், கண்ணாடியை இறக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் காலைப் பார்த்தே பேசியவன் நான். கறுப்புக் கண்ணாடிக்குள் நான் எங்கே பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் இன்றுதான் முகத்தை நேராகப் பார்த்தேன். கண்ணில் என்னமோ வெள்ளையாகத் தெரிந்தது. நன்றாகப் பார்க்க நானே கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கண்ணிலும் சதை கருவிழிமேல் ஏறியிருக்கிறது, மாப்பிள்ளை. எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அது கெடக்குதுங்க மாப்ள. ஒரு வருசமா எதுக்க வர்றது ஆருன்னே தெரியறதில்ல. பேச்சுக் குடுத்தாத்தான் நீங்கன்னே தெரியும்."

இவருக்காகத்தான் நான் தினமும் கழற்றினேன். மேலே கேட்ட கடுதாசி வேண்டாம். முதல் பஸ்ஸில் வந்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என் கண்ணாடி இப்போது அவர் மூக்கில் இருக்கிறது. வரும்போது எனக்கு வேறொன்று வாங்கி வாருங்கள். திருப்பிக் கேட்க எனக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை.