இறால் குஞ்சுக்கு வாய் வெச்ச படலம்

கடலே இல்லாத திருப்பூருக்கு இறால் குஞ்சு வந்து சேர்ந்தது பனியன் வழியாத்தான். இந்த வருசம் வெளிநாட்டுக் கைக்குழந்தைக நெஞ்சுல இறால் குஞ்சு இருக்கறதுதான் ஃபேஷனாம். அதுவும் முட்டையை விட்டு அப்பத்தான் வெளிய வந்த குஞ்சு. நெத்தி நடுவுல ஒத்தக் கண்ணு. தலையிலயே மொளைச்ச மூணு ஜோடி காலு. வாய் இன்னும் தொறக்கல. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் அனுப்புன படத்தை அப்படியே அச்சடிச்சு, மண்ணரைப் பக்கம் இருக்கற பனியன் கம்பெனியில பெட்டி பெட்டியா அடுக்கியாச்சு.

ஆர்டரை முடிச்சு அனுப்பற மெர்ச்சண்டைசர் முருகேஷுக்கு முதலாளி கிட்டுசாமி காலையிலயே மரியாதையாச் சொல்லீட்டாரு: "சாயங்காலம் லாரி கெளம்பணும் கண்ணு. இல்லீன்னா நீ கெளம்பிக்க."

லாரி கெளம்ப, பையர் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி ஓகே பண்ணோணும். அவரு ஒரு பீஸை மேசையில விரிச்சு, கேள்விக்கட்டம் நெறைஞ்ச டேப்லெட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அளவு டேப்பை எடுத்தாரு.

"ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எத்தனை இஞ்சுங்க?"

"ஒரே கண்ணுதானுங்க சார். இந்த வயசுல அதுக்கு அவ்ளோதான்."

"கட்டம் காலியா இருந்தா டேப்லெட் அடுத்த பக்கம் போகாதுங்களே."

"சைபர்னு போடுங்க."

"சைபர்னா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். பொய் எழுதச் சொல்றீங்களா?"

முருகேஷ் குடோனுக்கு ஓடுனான். போன சீசன் தவளை ஆர்டர்ல மிஞ்சுன கண்ணு ஸ்டிக்கர் கெடந்துச்சு. அதைச் சூடு வெச்சு ஒட்டுற வேல்விழி கேட்டா, "நடுவுல ஏற்கெனவே ஒண்ணு முழிச்சிக்கிட்டு இருக்கேண்ணே, இத எங்க ஒட்ட?"

"காதுப் பக்கமா ஒட்டும்மா."

"காதும் இல்லியேண்ணே."

எப்படியோ பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கண்ணை ஒட்டுனாங்க. ஈஸ்வரமூர்த்தி அடுத்த பக்கம் போனாரு.

"இது என்ன பண்ணுதுங்க?"

"நீந்துதுங்க. ஆறு காலாலயும்."

"வயசு?"

"இன்னிக்குப் பொறந்ததுங்க."

"சாப்பாடு?"

"ரெண்டு நாளைக்கு வேண்டீதில்லீங்க. மஞ்சக்கருவை வயித்துல வெச்சுக்கிட்டேதான் பொறக்குது."

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழட்டுனாரு. "பச்சக் கொழந்தை. சோறு கெடையாது. ஆறு காலுக்கும் ஓயாத வேலை. குழந்தைத் தொழிலாளர் முறைங்க இது. பையர் அனுமதிக்கவே மாட்டாரு."

"படம் அனுப்புனதே பையர்தானுங்களே."

"அது டிசைன் டிபார்ட்மெண்டு. நான் மனிதாபிமான டிபார்ட்மெண்டுங்க."

முருகேஷ் கையைக் கட்டிக்கிட்டான். "இப்ப என்னதானுங்க பண்றது?"

"வாய் ஒண்ணு இருந்தா 'உணவு வழங்கப்படுகிறது'ன்னு போட்டுக்கலாம். மீசை வெச்சுட்டா பதினெட்டு வயசு தாண்டீரும்."

குடோன்ல இருந்து தவளையோட சிரிப்பு ஸ்டிக்கர் வாயா வந்துச்சு. கருப்பு ஸ்டிக்கர்ல மீசை வெட்டுனாங்க. அந்த மும்முரத்துல மத்தியான பெல் அடிக்கல. சோத்துப் போசியெல்லாம் செவுத்தோரம் மூடியோடயே உக்காந்திருந்துச்சு. யாராச்சும் எந்திரிச்சா, "இறாலுக்கு வாய் முடியட்டும், அப்பறம் நம்ம வாயைப் பாக்கலாம்"னு முருகேஷ் உக்கார வெச்சான்.

நாலு மணிக்கு எல்லாப் பீஸும் தயார். மூணு கண்ணு, முறுக்கு மீசை, வாய் நெறைய சிரிப்பு. ரிட்டையர் ஆகப்போற தாசில்தார் ஜாடை.

"இப்பத்தானுங்க இறாலாட்டம் இருக்குது"ன்னு ஈஸ்வரமூர்த்தி மனசு நெறைஞ்சாரு. டேப்லெட்டுல கடைசிக் கேள்வி வந்துச்சு: பணியாளர்கள் மதிய உணவு உண்டார்களா?

அவரு தலையைத் தூக்கி டேபிள் டேபிளா ஒவ்வொரு மொகமாப் பாத்தாரு.

"எல்லாத்துக்கும் வாய் இருக்குதுங்களே"ன்னு சொல்லி, 'ஆம்'ங்கறதை அமுக்குனாரு.

வேல்விழி முருகேஷைப் பாத்தா. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

வெளிய லாரி ஸ்டார்ட் ஆகற சத்தம். முருகேஷ் வாயை மூடிக்கிட்டு, சாருக்கு ஒரு எளநி வெட்டியாரச் சொல்லி கையாலயே ஜாடை காட்டுனான்.