கண்ட இடத்தில் ஒட்டலாமா?

எங்கள் நகராட்சியில் ஒட்டு ஒழிப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. சுவர், மின்கம்பம், பேருந்து நிறுத்தம் என்று பார்த்த இடத்திலெல்லாம் விளம்பரம் ஒட்டுகிறவர்களைத் திருத்துவது அதன் தலையாய கடமை. திருத்துவதற்கு முன் மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும். விழிப்புணர்வு வர ஒரு வாசகம் கண்ணில் பட வேண்டும். கண்ணில் பட வேண்டுமென்றால் எங்கேயாவது ஒட்டித்தானே ஆக வேண்டும்? எனவே மேற்படி பிரிவு, ஒரு திங்கட்கிழமை காலை கடைத்தெருவில் நின்றிருந்த நூற்றுப் பன்னிரண்டு கார்களின் கதவுகளில் "கண்ட இடத்தில் ஒட்டலாமா?" என்று பச்சை எழுத்தில் அச்சடித்த முழ நீளத் தாளை ஒட்டியது. பசை முதல் தரம். அரசாங்கத்தில் எப்போதாவது ஒன்று முதல் தரமாக அமைந்துவிடுகிறது. அமைந்தால் அது நம் தலையில்தான் விடிகிறது.

அந்தக் கார்களில் ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. சரியாகச் சொன்னால் அவருடையது அல்ல, அவர் மனைவியின் அண்ணனுடையது. அதுதான் வினை.

குடும்பப் புகைப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்ற அதிமுக்கியமான பிரச்சினையில் மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்காரரின் மனைவி இரண்டு பக்கமும் நடையாய் நடந்து, அழுது, போன மாதம்தான் சமாதானம் செய்து வைத்திருந்தாள். அதற்கு அடையாளமாக, வெளியூர் வேலையாகப் போன மச்சான் தன் கருநீலக் காரின் சாவியை நீட்டினார். கார் வாங்கி நாலே மாசம்.

"ஞாயித்துக்கிழமை வந்துடுவேன் மாப்ள. தாராளமா ஓட்டுங்க. ஒரு கீறல் மட்டும் வேண்டாம்."

திங்கட்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், கதவில் தாளைக் கண்டதும் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கடைசித் துண்டு கையோடு வந்தது. மற்றது வரவில்லை. வந்த இடத்தில் பிசுபிசுவென்று பசை நின்றது. பக்கத்துத் தையற்காரர் பிளேடோடு ஓடி வந்தார்.

"ஒரே சுரண்டு, போயிடும்!"

"பசையோட பெயின்ட்டும் போயிடும். கையை வெச்சுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கடைக்காரர் குறுக்கே விழுந்தார். நாள் முழுக்கக் கண்ணாடி துடைக்கிறவருக்குக் கீறல் என்றால் என்னவென்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைப் படித்தாள். "என்னங்க, 'கண்ட இடத்தில் ஒட்டலாம்'னு போட்டிருக்கு?"

அப்போதுதான் அவர் பார்த்தார். கிழிந்து வந்த துண்டில் இருந்தது 'மா'வின் காலும் கேள்விக்குறியும். கதவில் மிஞ்சியது: "கண்ட இடத்தில் ஒட்டலாம". புள்ளி ஒன்றுதான் பாக்கி.

ஒட்டியவர்களுக்கு எடுக்கவும் தெரியும் என்று நம்பி, மறுநாள் காரோடு பிரிவு அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் நிமிராமலே கேட்டுக்கொண்டார்.

"ஒட்டுறதுதான் எங்க வேலை. எடுக்கிறது இல்லை."

"வாசல்ல ஒட்டு ஒழிப்புப் பிரிவுன்னு போர்டு இருக்கே?"

"ஒழிப்போம். அனுமதி இல்லாம ஒட்டினதை ஒழிப்போம். இது அனுமதியோட ஒட்டினது. இதை ஒழிச்சா நாங்களே எங்களை ஒழிச்ச மாதிரி ஆகாதா?"

கடைக்காரருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

விவகாரம் அலுவலர் வரை போனது. அவர் கீழே இறங்கி வந்து, கதவை ஒருமுறை மனசுக்குள்ளும் ஒருமுறை வாய்விட்டும் படித்தார். முகம் கறுத்தது.

"நீங்க வாசகத்தை மாத்தியிருக்கீங்க."

"கிழிஞ்சு போச்சு சார்."

"கிழிஞ்சது தாள் இல்லைங்க, அரசாங்கத்தோட கொள்கை. கண்ட இடத்துல ஒட்டலாம்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு வர்றீங்க."

"புள்ளி இல்லையே சார்?"

"புள்ளியைப் பொதுமக்கள் தானா வெச்சுக்குவாங்க."

இருந்தாலும் அலுவலர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிமுறையைத் தேடிக் கொடுத்தார். அதன்படி, ஒட்டிய தாளை நீக்க விண்ணப்பம் தர வேண்டும். நீக்குவதில் யாருக்காவது மறுப்பு உண்டா என்று பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பைச் சம்பந்தப்பட்ட வாகனத்திலேயே பொதுமக்கள் பார்வையில் படும்படி ஒட்ட வேண்டும்.

"ஒட்டணுமா?" என்றார் கடைக்காரர், குரல் இறங்கிப்போய்.

"அதே பசைதான், பயப்படாதீங்க. நல்லா நிக்கும்."

பொதுமக்கள் பார்வை முன்பக்க எஞ்சின் மூடியில்தான் அதிகம் படுகிறது என்று முடிவாகி, அங்கே ஒட்டினார்கள். புதன்கிழமை ஒருவர் வந்து அறிவிப்பைப் பார்வையிட்டு, "பார்வையிடப்பட்டது" என்று பின்பக்கம் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கடைக்காரர் மறுபடி போய்க் கெஞ்சினார். "அனுமதி கிடைச்சா எதை வெச்சு சார் எடுப்பீங்க?"

எழுத்தர் பெருமையோடு ஜன்னல் வழியே காட்டினார். அலுவலக ஜீப் நின்றது. அதன் ஒரு பக்கம் வெறும் தகரமாகப் பளபளத்தது. பக்கத்தில் ஓர் ஊழியர் இரும்புச் சுரண்டியோடு இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

"பசை போயிடுச்சா?"

"பசையும் போயிடுச்சு" என்றார் எழுத்தர்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். மனைவி எதிரே நின்றாள்.

"இன்னொரு ரெண்டு வருஷம் உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் நடுவுல என்னால நடக்க முடியாது. அவங்களைக் கேட்டதெல்லாம் போதும். கண்ணாடியில விலைச்சீட்டு ஒட்டிக்கிச்சுன்னா கடையில என்ன பண்ணுவீங்க?"

"சூடு காட்டி, எண்ணெய் தொட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. காரை நிழலில் நிறுத்தி, முதலில் தூசி போகக் கழுவினார்கள். தூசியோடு துடைத்தால் தூசியே கீறும். மனைவி தலைமுடி உலர்த்தும் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டி இளஞ்சூடு காட்டினாள். அவர் மூன்று ஒட்டுகளையும் ஒவ்வொன்றாக ஓரத்தை நகத்தால் கிளப்பி, அவசரப்படாமல், தகரத்தை ஒட்டியே மடித்து மெல்ல உரித்தார். மிஞ்சிய பசையின் மேல் சமையல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டார்கள். பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி. ஒவ்வொரு துணியும் ஒரு தடவைதான், அடுத்த தடவைக்குப் புதுத் துணி. கடைசியில் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவி, மெழுகு பூசினார்கள்.

சாயங்காலம் கார் கருநீலமாக மின்னியது. அவள் கதவில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து பார்த்தார். கடைக்காரர் பின்னாலேயே சுற்றினார்.

"மாப்ள, ஒட்டு எங்கே?"

"எந்த ஒட்டு மச்சான்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஊர்ல பெரிய டாக்டர் வண்டியில ஒட்டியிருக்கு. எங்க மேனேஜர் வண்டியில மூணு இருக்கு. ஒட்டு இருந்தாத்தான் பொறுப்புள்ள ஆளுன்னு மதிக்கிறாங்களாம், ஆபீஸ்ல இருந்து போன்ல சொன்னாங்க. என் வண்டிக்கும் ஒட்டினதைத் தையற்காரரே பாத்திருக்காரு. எனக்கு ஒரு மரியாதை வந்தா உங்களுக்குப் பொறுக்கலை, இல்ல?"

அலுவலகப் படி ஏறி இறங்கியதில், ஊரில் நாகரிகம் மாறியதைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒட்டு ஒழிப்புப் பிரிவின் வாசலில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. அலுவலர் ஒவ்வொரு காராகப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். ஒட்டினவுடனே பிளேடால் சுரண்டிவிட்டு, இப்போது நாகரிகத்துக்காகத் திரும்ப வந்தவர்கள் எல்லாரும். கீறல் விழுந்த கதவில் அரசாங்கம் ஒட்டாதாம், கௌரவக் குறைச்சல். கடைக்காரரின் கதவு ஒன்றுதான் தேறியது. ஒரே நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள்.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "எப்படிங்க எடுத்தீங்க?"

அவர் பொறுமையாகச் சொன்னார். சூடு, எண்ணெய், துணி, சோப்பு. எல்லாரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். அடுத்த தடவை சுத்தமாக எடுத்துவிட்டுச் சுத்தமாக ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா?

நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். என்னிடம் கார் இல்லை. வீட்டுக் கதவில் ஒட்டித் தருவார்களா என்று கேட்கப் போயிருந்தேன்.

தருகிறார்கள். அதற்குத் தனி விண்ணப்பம்.