ஹெட்கிளார்க் மறந்துபோன முகம்

தும்மியதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தவர் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே எங்கள் ஹெட்கிளார்க் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அவரை எல்லோரும் ‘மெமோ சார்’ என்றுதான் சொல்வோம். மகள் கல்யாணத்துக்கு மறுநாள் தாமதமாக வந்தவர், தனக்கே மெமோ கொடுத்து, தானே விளக்கம் எழுதி, ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று தானே குறிப்பும் போட்டார்.

செல்வராணி எங்கள் டைப்பிஸ்ட். அப்பா பணியில் இறந்ததால் கிடைத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. தினமும் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ். “இன்னொரு நாள் லேட்டானா வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று போன ஆய்வில் திருச்சி அதிகாரி எச்சரித்திருந்தார்.

ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் திருச்சி அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. செல்வராணியின் நாற்காலி காலி.

“அட்டெண்டன்ஸை எடுங்க!” என்றார் அதிகாரி.

மெமோ சார் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஐயா யாருங்க?”

“என்னையத் தெரியலயா? போன தடவை மாலை போட்டது நீர்தானே?”

“போட்டது நான்தாங்க. போட்டுக்கிட்டவரு நீங்கதாங்கறதுக்கு அத்தாட்சி வேணும்ல?”

அதிகாரியின் முகம் சிவந்தது. “டிரைவரைக் கேளும்!”

“டிரைவரு யாருன்னும் எனக்குத் தெரியாதுங்களே.”

பியூன் சிரிப்பை அடக்கமுடியாமல் பீரோவுக்குப் பின்னால் போனான். அதிகாரி பல்லைக் கடித்தபடி, அடையாள அட்டையை எடுக்க ஜீப்புக்கு நடந்தார்.

பின்வாசல் வழியே செல்வராணி ஓடிவந்தாள். “பஸ்ஸு பழுதாயிடுச்சு சார்...”

“அழுவாத. கையெழுத்தப் போடும்மா, சீக்கிரம்!” மெமோ சார் பதிவேட்டை விரித்து நீட்டினார்.

அட்டையோடு திரும்பிய அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த செல்வராணியைப் பார்த்தார். பிறகு மெமோ சாரை வெகுநேரம் பார்த்தார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். செல்வராணியின் வேலை தப்பியது. அடுத்த வாரம் மெமோ சாருக்கு மணப்பாறைக்கு மாற்றல் வந்தது. மேலதிகாரியை அவமதித்தாராம்.

வழியனுப்ப நாங்கள் அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மெமோ சார் அதட்டினார்: “ஆபீஸத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் இங்க என்ன பண்றீங்க?”

பஸ் நகர்ந்தது. அந்தக் கோபத்திலாவது இறங்கிவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.