ஒரு கேஸ் அடுப்பும் ஓர் ஆராய்ச்சியும்

கல்யாணமான நாள் முதல் என் கணவரின் கையைத் தொட்டதைவிடக் கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டதுதான் அதிகம். நான் சொன்னால் மிகை என்பீர்கள். அவரையே கேளுங்கள், கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார்.

அடுப்பை அணைப்பேன். அணைத்ததைப் பார்ப்பேன். சரியாகத்தான் பார்த்தேனா என்று மறுபடி பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினால், கடைசியாகத் தொட்டபோது கை பட்டுத் திருகு கொஞ்சம் திரும்பியிருக்குமோ என்று தோன்றும். திரும்பிப் போவேன். நான் வேலை பார்ப்பது ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸில். தாமதத்துக்கு அங்கே நான் சொல்லாத காரணம் கிடையாது. வழியில் காட்டெருமை நின்றது என்று நான் சொன்னதையெல்லாம் சேர்த்தால், குன்னூரில் மனிதர்களைவிடக் காட்டெருமைகள் அதிகம் என்றாகிவிடும். (நிஜமாகவே ஒருநாள் நின்றது. அன்றைக்கு யாரும் நம்பவில்லை.)

என் பெயர் சாந்தாமணி. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது நான் தொட்டிலில் அமைதியாகத்தான் கிடந்தேனாம்.

கோயம்புத்தூரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நான் பாதி வழியில், மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையேறும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. பட்டுச்சேலையோடு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் என் கணவர் செல்வராஜ் என்னைக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதற்கு ஓ.சி.டி. என்று பெயர் இருப்பதும், இது திமிரோ சோம்பேறித்தனமோ இல்லை, ஒரு நோய்தான் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். பாதி குறைந்தது. மீதிப் பாதி அடுப்பை விட்டு நகர மறுத்தது.

அப்போதுதான் டாக்டர் நிவேதா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். ஆராய்ச்சி செய்யும் சின்ன வயது டாக்டர். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சியை நோயாளியின் வீட்டிலேயே, போன் வழியாகச் சொல்லிக்கொடுத்துச் செய்தால் பலன் கிடைக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. மலையில் இருப்பவர்கள் வாராவாரம் கீழே இறங்கி வர முடியாதல்லவா?

"இஷ்டம் இருந்தா சேருங்க மேடம். எப்ப வேணாலும் விலகிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

பயிற்சி கேட்பதற்குச் சுலபம். அடுப்பை ஒரே தடவை அணைக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வெளியே வர வேண்டும். பயம் ஏறும். ஏறட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அது தானாகவே இறங்குமாம். "ஒண்ணே ஒண்ணு மேடம். நீங்களும் போய்ப் பாக்கக் கூடாது, வேற யாரையும் பாக்கச் சொல்லவும் கூடாது. பாத்து நிம்மதி ஆயிட்டா பயம் அடுத்த தடவை இன்னும் பெருசா வரும்."

நான் நன்றாகத் தலையாட்டுவேன். என்னளவு தலையாட்டுகிறவர் அந்த ஆராய்ச்சியிலேயே இல்லை என்று நினைக்கிறேன். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பிறகு கடைவீதிவரை போய் உட்கார்ந்து வந்தேன். டாக்டர் நிவேதாவின் குரலில் பெருமை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள், "எங்க பெரிய டாக்டர் நேர்ல பாக்கணும்னு சொல்றாரு மேடம். நீங்க நல்லா பண்றீங்கன்னு உங்களைத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கம் போயிற்று. பெரிய டாக்டர் முன்னால் பாதியில் எழுந்து ஓடினால் அந்தப் பெண்ணின் மானம் என்னாவது? அவள் மானத்தைக் காப்பாற்ற நான் ஓர் ஏற்பாடு செய்தேன். (இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.)

பக்கத்து வீட்டில் நூர்ஜஹான் அக்கா இருக்கிறார். பஜாரில் அவர் வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் கடை. எனக்கு உடன்பிறக்காத அக்கா. என் சமையலறை ஜன்னல் பின்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தது. அதைத் திறந்து வைத்துவிட்டால், வெளியே நின்றபடியே அடுப்பை எட்டிப் பார்க்கலாம். திறந்து வைத்தேன். வழியில் யாருக்கும் தெரியாமல் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டால், அவர் பார்த்துக்கொள்வார். மனசு நிம்மதியாக இருக்கும், பெரிய டாக்டரும் பாராட்டுவார். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்க மாட்டார் என்று எனக்கே தெரியும்.

மதியம் இரண்டு டாக்டர்களும் வந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். அடுப்பை ஒரே தடவை அணைத்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். எங்கள் வீட்டுக் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை. மூவரும் சிம்ஸ் பூங்காவுக்கு நடந்தோம். வாசலில் அவர்கள் டிக்கெட் வாங்கப் போன நேரத்தில் போனை வாயருகே வைத்து, "அக்கா... அடுப்பு... பாருங்கக்கா..." என்று முனகினேன். யாருக்கும் கேட்கக் கூடாதே என்ற நடுக்கத்தில் மூச்சு வேறு வாங்கியது. அனுப்பி முடிக்கவும் டாக்டர் நிவேதா வந்து, "போனை என்கிட்ட குடுத்துருங்க மேடம், கவனம் சிதறாம இருக்கும்" என்று வாங்கி அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாலை தெரியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பயம் ஏறியது. டாக்டர் நிவேதா அவ்வப்போது, "இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், நம்பினால் நம்புங்கள், அது இறங்க ஆரம்பித்தது. புல்தரை தெரிந்தது. குழந்தைகள் ஓடுவது தெரிந்தது. "குறையுதுங்க" என்றேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

அப்போது சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டி ஒன்று மேலேறி வந்து எங்கள் தெருப் பக்கம் திரும்பியது.

நான் பாதி எழுந்துவிட்டேன். "அது எங்க ஊட்டுக்குத்தான் போகுதுங்க."

"உக்காருங்க மேடம்" என்றார் டாக்டர் நிவேதா, மிகவும் மென்மையாக. "உங்க மனசு அப்படித்தான் சொல்லும். சொல்லட்டும். அதுக்குப் பதில் சொல்லாம இருங்க."

"இதைவிட நல்ல சந்தர்ப்பம் நாம தேடினாலும் கிடைக்காது" என்றார் பெரிய டாக்டர்.

நான் உட்கார்ந்தேன். தீயணைப்பு வண்டி என் வீட்டுக்குப் போகிறது என்ற எண்ணத்தை வெறும் எண்ணமாகவே பார்த்தேன். வாழ்க்கையில் அதுவரை நான் காட்டிய அதிகபட்ச மன உறுதி அது. டாக்டர் நிவேதாவின் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. செல்வராஜ். வெளியூர் வேலையில் இருந்தவரைத் தெருக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"டாக்டருங்க, சாந்தா உங்க கூடத்தானே இருக்கறா? அங்க ஊட்டுக்குள்ள மயங்கிக் கெடக்கறாளாம். கதவை ஒடச்சுட்டாங்களாம்."

நாங்கள் மூவரும் ஓடினோம். பெரிய டாக்டர் அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது.

வீட்டு முன்னால் தெருவே நின்றது. கதவு கீல் பெயர்ந்து கிடந்தது. நடந்தது இதுதான். என் முனகலைக் கேட்ட அக்கா, மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்காமல் பின்பக்கம் ஓடியிருக்கிறார். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மேகம், நான் திறந்து வைத்த ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் நிறைந்திருந்தது. அக்காவுக்கு அது புகை. என்னைக் கூப்பிட்டுப் பார்த்தால் போன் அணைந்திருக்கிறது. உள்ளே விழுந்து கிடக்கிறேன் என்று முடிவுசெய்து கத்தியதும் தெருக்காரர்கள் கதவை உடைத்திருக்கிறார்கள். கேஸ் வெடிக்குமோ என்ற பயத்தில் யாரும் உள்ளே போகவில்லை. வண்டிக்குச் சொன்னது எதிர்வீட்டுக்காரர்.

தீயணைப்பு வீரர்களின் தலைவர் வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க. உள்ள வெறும் மேகம்தான். கேஸ் நல்லா ஆஃப்லதான் இருக்குது."

ஓர் அரசாங்க அதிகாரி, சீருடையில், சாட்சிகளோடு சொல்கிறார். ஆயுசுக்கும் நான் ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டு எனக்கு மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெரிய டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்களைப் பாக்கச் சொன்னது யாரும்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இவதான் சார்" என்று அக்கா போனை உயர்த்தி, என் முனகலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி ஓடவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கே என்னைக் காப்பாற்றத் தோன்றியது.

"நூருக்கா, குன்னூர்லயே பொறந்து வளந்தவங்க நீங்க, மேகம் எது பொகை எதுன்னு தெரியலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இவ கொரலைக் கேட்டா உங்களுக்கும் மேகம் பொகையாத்தான் தெரியும்" என்றார் அக்கா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் செத்துவிட்டதாகவே நினைத்திருக்கிறார்.

டாக்டர் நிவேதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட்டம் கலைந்த பிறகு, மேகத்தில் ஈரமாகிப்போன சமையலறையில் என் பக்கத்தில் நின்று கேட்டார்: "மேடம், பயம் இறங்குதுன்னு சொன்னீங்களே. அது தானா இறங்குச்சா, இல்ல அக்கா பாத்துக்குவாங்கன்னு இறங்குச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் இத்தனை வாரம் பாடுபட்டது அந்த ஒரு பதிலுக்காகத்தான். அதை நான் வாய்ஸ் மெசேஜ் போட்டுக் கெடுத்திருந்தேன்.

"என்னை நிறுத்திருங்க டாக்டர்" என்றேன்.

"நீங்களா வேணா விலகிக்கலாம், தப்பு நடந்துச்சுன்னு நாங்க நிறுத்த முடியாதுங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். "நடந்ததை நடந்தபடி எழுதறதுதான் ஆராய்ச்சி. நல்லா பண்ணுனவங்களை மட்டும் வெச்சுக்கிட்டா எந்தச் சிகிச்சையும் நல்ல சிகிச்சைதான்." பிறகு கொஞ்சம் யோசித்து, "தீயணைப்பு வண்டியை எந்தத் தலைப்புல எழுதறதுன்னுதான் தெரியலை" என்றார்.

அடுத்த வாரம் பயிற்சி மறுபடி வாசலிலிருந்து தொடங்கியது. இந்த முறை அக்காவையும் உட்கார வைத்து டாக்டர் பாடம் எடுத்தார். அடுப்பைப் பற்றி நான் கேட்டால் அவரும், வேறு யார் கேட்டாலும் நானும் 'தெரியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும். அக்கா அதைக் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டார். மணி என்ன என்று கேட்டால்கூட அவரிடமிருந்து தெரியாது என்றுதான் வரும். எனக்கு முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆபீஸுக்கு நேரத்துக்குப் போகிறேன். காட்டெருமைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வீட்டில் இந்தக் கதை தேயவே இல்லை. யார் வந்தாலும் செல்வராஜ் புதுக்கதவைத் தட்டிக்காட்டி, "இது ஆராய்ச்சிக் கதவுங்க" என்று ஆரம்பிப்பார். மேகம் இறங்கினால் என் மகள், "அம்மா, பொகை வருது" என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

போன மாதம் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு 'வெறும் மேகம்தான்' என்று சொன்ன தீயணைப்பு வீரர் சாதாரண உடையில், கையில் பையோடு வந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"ஏனுங்க்கா, இன்னிக்கு அடுப்பை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான்.

"தெரியலீங்க."

"வெளையாடாதீங்க."

"நெஜமாத்தானுங்க. பண்ணியிருக்கலாம், பண்ணாமயும் இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பீன்ஸ் பக்கம் நகர்ந்தேன்.

அவர் போகவில்லை. உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார், வைத்தார். நான் தக்காளிக்குப் போனபோது அவரும் வந்தார். "ஊட்டுல யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். கொத்தமல்லி வாங்கி முடிக்கும்போது பார்த்தால், அவர் தம் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம்தானுங்க்கா போறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "சும்மா, ஒரு எட்டு ஜன்னல்ல பாத்துட்டுப் போயிடறேன்."